கோரிக்கை எண் ஆறு

குடமுருட்டியில் ஏழு கண் மதகு.
நான் கட்டியது.
நாலாவது கண்ணில் ஷட்டர் இறங்கும்போது
ஒரு முனகல் வரும்.
அதுவும் நான் கட்டியதுதான்.

வேலை முடிந்து ஆறு வருஷம்.
தஞ்சாவூர் கோர்ட்டில்
மின்விசிறிக்கு நேர்கீழே உட்காரக்கூடாது
என்று கற்றுக்கொண்ட வருஷங்கள் இவை.
காகிதம் பறக்கும்.

"நடுவர் தீர்ப்பு எண்பத்தேழு பக்கம்,
அத்தனையும் பிழை" என்றார் அரசு வக்கீல்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"இருக்கட்டும். பிழையைத் தேட
நான் மறுபடி சிமெண்ட் குழைக்க முடியுமா?
முப்பத்துநாலாம் பிரிவு எனக்குத் தந்திருப்பது
கதவு இல்லை. ஜன்னல்.
அதிலும் கம்பி."

சொன்ன தேதிக்குப் பத்தொன்பது நாள் முன்னால்
மேட்டூரில் திறந்துவிட்டார்கள் அந்த வருஷம்.
வயலுக்கு நல்லது. எனக்கு
மண்மூட்டை அணை போனது,
மூன்று மோட்டார் போனது,
அடித்தளக் கம்பிகள் நீருக்குள்
நாணல்போல் நின்றன.
ஒடிசாவிலிருந்து வந்த பதினோரு பேர்
தண்ணீர் வடியட்டுமென்று
நூற்று நாற்பது நாள் கொட்டகையில் கிடந்தார்கள்.
சோறு போட்டேன்.
கூலி பாதிதான் போட்டேன்.

அது கோரிக்கை எண் மூன்று.
தள்ளுபடி.
பதினாலு நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும்,
ஷரத்து அப்படி.
பதினாலாம் நாள் ராத்திரி
கழுத்தளவு தண்ணீரில் நின்று
தகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
எதில் எழுதுவது?

கோரிக்கை எண் ஆறு, மணல்.
குவாரி மூடியதால் அறுபது மைல் தள்ளி எடுத்தேன்
என்று எழுதிக் கொடுத்தேன்.
பாதி லோடு அப்படித்தான் வந்தது.
மீதிப் பாதி
பக்கத்து ரோட்டு வேலையில் மிச்சமாய்க் கிடந்தது,
டிராக்டர் வாடகையோடு போயிற்று.
நடுவர் பழைய கண்காணிப்புப் பொறியாளர்,
பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு
முழுசுக்கும் அறுபது மைல் போட்டார்.
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
அரசுத் தரப்பு எல்லாவற்றையும் பிழை என்றது.
இந்த ஒன்றை மட்டும்
விரல் வைத்துக் காட்டவில்லை.

என் வக்கீல் ஜுலைகா வராந்தாவில் சொன்னார்:
"மூணாம் நம்பருக்காக நாமளும் மனு போட்டா
உள்ளே போய்ப் பாருங்கன்னு நாமளே சொன்ன மாதிரி.
கிடைச்சதையும் தொடமாட்டாங்க,
மறுத்ததையும் தொடமாட்டாங்க.
அப்படியே விடுங்க, அண்ணே."
அவருக்கு மணல் சங்கதி தெரியாது.
தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நாலரை மணிக்குத் தீர்ப்பு.
'நடுவர் கண்ட முடிவு
நியாயமான ஒருவர் காணக்கூடிய முடிவே.
வேறொரு முடிவும் சாத்தியம் என்பதற்காக
இந்த நீதிமன்றம் தலையிட இடமில்லை.'
அரசு மனு தள்ளுபடி.

இடமில்லை.
எனக்கு வரக்கூடாத மணலுக்கும் இடமில்லை,
அவர்களுக்கு வரவேண்டிய கூலிக்கும் இடமில்லை.
இரண்டும் ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டு
ஒரே முத்திரை வாங்கிக்கொண்டன.

பஸ் ஸ்டாண்டில் டீ ஆறும்வரை
பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
கூலி பாக்கி ஏழு லட்சத்து நாற்பது.
மணல் மூன்று பன்னிரண்டு.
நேர் செய்து பார்த்தேன்.
நேராகவில்லை.
அதோடு பணம் இன்னும் வரவில்லை.
அரசு மதுரைக்குப் போகும்,
அங்கே ஜன்னல் இதைவிடச் சின்னது என்கிறார்கள்.

அய்யம்பேட்டை தாண்டுகையில்
மேஸ்திரி தனுர்ஜய் நம்பரைத் தேடிப் போட்டேன்.
அடித்தால் என்ன சொல்வதென்று
யோசித்திருக்கவில்லை.
ஒரு பெண்குரல், ஒடியாவில்,
அவசரமில்லாமல், கோபமில்லாமல்
ஏதோ சொல்லி முடித்து
மறுபடி முதலிலிருந்து சொன்னது.
அந்த பாஷை எனக்குத் தெரியாது.
ஆனால் அந்தத் தொனியை
இன்று மத்தியானம்தான் கேட்டிருந்தேன்.