பதினேழாம் எண்

அக்டோபர். லிலோங்வேயில் ஜகரண்டா பூத்து
அமைச்சகத்தின் வண்டி நிறுத்துமிடம் முழுக்க ஊதா.
மழைக்கு இன்னும் ஐந்து வாரம்.
அதற்குள் உரச் சீட்டுகள் அச்சாகியிருக்க வேண்டும்.
சர்வரோ திங்கட்கிழமையிலிருந்து வாய் திறக்கவில்லை.

கடவுச்சொல் தெரிந்த ஒரே மனிதர்
இரண்டு வருடத்துக்கு முன் ஒப்பந்தம் முடிந்து
விமானம் ஏறிவிட்டார்.
அவருடைய நிறுவனம்
மணிக்கு இத்தனை டாலர் என்று பதில் எழுதுகிறது,
அதுவும் எங்களுக்கு நள்ளிரவாகும்போது.
ம்சின்ஜி கிடங்கு வாசலில்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பவர்களிடம்
"நெட்வொர்க்" என்று சொல்லி அனுப்புகிறோம்.
யார் தலையிலும் பழி விழாத சொல் அது.

அதனால்தான் இந்த முறை
ஆட்களை நாமே எடுப்பது என்று முடிவானது.
நான்கு இடம். முந்நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம்.
பெயர், ஊர், பள்ளி, தகப்பன் பெயர்
எல்லாவற்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டினேன்.
கணக்குப் பிரிவு வெசி
கட்டுகளைக் குலுக்கிவிட்டு எண் போட்டாள்.
பசை தீர்ந்தபோது கைக்காசில் வாங்கினேன்,
ரசீது இன்னும் பாஸாகவில்லை.
என் அண்ணன் மகனுடையதும் அந்தக் கட்டில் இருந்தது.
விரல் ஒரு நொடி நின்றது. ஒட்டினேன்.

மாடியிலிருந்து மூன்று தொலைபேசி.
"அந்தப் பையன் தங்கமானவன்" என்றது ஒன்று.
எந்த எண் என்று கேட்டேன்.
தெரியாது என்றார்கள்.
எனக்கும் தெரியாது என்றேன்.
அப்படிச் சொல்ல முடிவது எவ்வளவு ருசி என்று
இந்த நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

சலித்து எடுத்த நாற்பது பேருக்கு
எழுத்துத் தேர்வு இல்லை.
பொலிடெக்னிக்கிலிருந்து வந்த யொட்டாமு
பழைய கணினிகள் சிலவற்றை
வேண்டுமென்றே கெடுத்து வைத்தார்.
அவர்கள் அடுத்த அறையில்.
எங்களுக்குத் தெரிந்தது
திரையில் ஓடும் எழுத்துகள் மட்டும்.
நடுவில் கரண்ட் போனது.
வேலைக்கு வந்தாலும் போகத்தானே போகிறது என்று
கடிகாரத்தை அவர் நிறுத்தவில்லை.

ஒரே கட்டளையைப் பதினோரு தடவை
அடித்துப் பார்த்தது ஒரு எண்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
சுத்தமாகிவிட்டது என்று எழுதியது இன்னொன்று.
பதினேழு மட்டும்
முதல் பத்து நிமிடம் எதையும் தொடவில்லை.
பழைய பதிவுகளை வாசித்தது.
பிறகு ஒரு கோப்பைத் திறந்து,
செய்யப்போவதை எல்லாம் வரிசையாக எழுதி,
மேலே இப்படித் தலைப்பு வைத்தது:
"எனக்குப் பிறகு வருகிறவருக்கு."

யொட்டாமு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.
இந்தக் கட்டடத்தில்
யாரும் யாருக்கும் எழுதி வைக்காத வரி.

வெந்நீர் காட்டித் தாளை உரித்தேன்.
எனெலெசி மத்தேம்பா. பலாக்கா.
பஸ் நிலையத்தில் குடைக்கடியில் போன் பழுதுபார்ப்பவள்.
கல்லூரி இரண்டாம் வருடத்தோடு நின்றிருக்கிறது,
காரணம் என்ற கட்டத்தில்: கட்டணம்.
விதி பதினொன்று சொல்கிறது: பட்டம் கட்டாயம்.

முப்பத்தொன்றையும் உரித்தேன்.
எல்லாவற்றையும் அழித்தது
அண்ணன் மகன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்
நான் இந்த மேசைக்கு வந்ததும் ஒரு தொலைபேசியில்தான்.
மாமா பேசினார், நான் உட்கார்ந்தேன்.
அன்று யாருடைய தாள் அடியில் போனது?
கேட்டதில்லை.
கேட்காமலே மூன்று பதவி உயர்வு.

வியாழக்கிழமை குழு கூடுகிறது.
விதி பதினொன்றில்
"அல்லது செய்துகாட்டிய திறமை" என்று
மூன்று சொல் சேர்த்து
தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.
கையெழுத்துப் போட ஐந்து பேர் வேண்டும்.
வெசி எண்ணிப் பார்த்து, இரண்டு என்கிறாள்.
கிடங்கு வாசலில் சைக்கிள்கள்
இன்றைக்கு இன்னும் கூடியிருக்கின்றன.

போன் அடிக்கிறது. அண்ணன்.
எடுத்து, கொஞ்சம் கத்தி,
"நெட்வொர்க்" என்று வைத்துவிடலாம்.

எடுத்தேன்.
குரல் தெளிவாகக் கேட்கிறது என்றேன்.