பதினோரு உருப்படி

விடியற்காலம் போன் வந்தது.
மூலனூர் தாண்டித் தார் முடிந்து
அப்புறம் இட்டேரியில் இரண்டு கிலோமீட்டர்.
கிளுவை முள் கால்சட்டையைப் பிடித்து
யார் வீட்டுக்கு என்று கேட்கிற தடம்.

பட்டியின் படல் சாயவில்லை.
அதுதான் முதலில் உறுத்தியது.
நாய்க்கூட்டம் என்றால் படலைப் பிய்த்திருக்கும்,
கண்ட இடத்தில் குதறியிருக்கும்.
இது தாவி இறங்கி
கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு
தாவியே போயிருக்கிறது.

பத்துச் செம்மறி கிடந்தன.
"பதினொண்ணுங்க சார்" என்றாள் கலாமணி.
"நெத்திச்சுட்டிக் குட்டி ஒண்ணக் காணோம்."
சொல்லும்போதே அவள் விரல்கள்
உயிரோடு நிற்பவற்றை
மறுபடி எண்ணிக்கொண்டிருந்தன.

புருஷனுக்கு வெள்ளகோவிலில் தறி, ராத்திரி ஷிப்ட்.
சித்திரை வெக்கையில் சாளைக்குள் படுக்க முடியாமல்
பட்டி ஓரம் கயிற்றுக்கட்டிலில்
இவளும் மகள் சஷ்மிதாவும்.
"சத்தமே கேக்கலீங்க.
காத்தாடி எரைச்சல்ல
ஆடு கத்துனாலும் அக்கட்ட போயிருது."
நிமிர்ந்தேன். குறங்காட்டுக்கு மேலே
வெள்ளை இறக்கை மூன்றும்
யாருக்கோ மாவு அரைத்துக்கொண்டிருந்தன.

ஸ்கேலை எடுத்துப் பல் தடத்தை அளந்தேன்.
கூட்டம் கூடிவிட்டது.
"கோழிக்கடைக் கழிவு தின்னு கொழுத்த நாயிங்க"
என்றார் சென்னியப்பன்.
"சிறுத்தை" என்றான் போனில் படமெடுத்த பையன்.
நாய் என்றால் ஒரு ஆபீஸ்,
சிறுத்தை என்றால் வேறு ஆபீஸ்.
ஓநாய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.
அந்தச் சொல் இந்தப் பக்கம்
பால்வாடிச் சுவரில் ஓ எழுத்துக்குக் கீழே
வாயை மூடி உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் கட்டிலருகே போனேன்.
மேற்கே சீமாறு கூட்டிய கோடு.
கிழக்கே புழுதி கலையாமல்
ஒவ்வொரு காலாய்.
தலைமாட்டில் அது நின்றிருக்கிறது.
முன்கால் இரண்டும் அழுந்தி,
அவசரமில்லாமல்.
பிறகு தையல் ஓட்டினாற்போல்
கொழுக்கட்டைப் புல்லுக்குள் ஒரே நேர்.

"ராத்திரி ஆரோ என் கையில
மூச்சு உட்டாங்க மாமா."
பிள்ளை உள்ளங்கையை விரித்துக் காட்டியது.
அதில் மருதாணி மட்டும் இருந்தது.

பார்த்ததைச் சொன்னால்
பொழுது சாய்வதற்குள் குருணை மருந்து வைத்த கறி
வேலியெங்கும் தொங்கும்.
மூன்று ஊர் நாயும் மயிலும் காக்காயும் சாகும்.
அதுவும் சாகலாம், சாகாமலும் போகலாம்.
சொல்லாவிட்டால்
இன்றைக்கும் கட்டில் இங்கேயேதான்.
செருப்புக் காலால் புழுதியை இழுத்துவிட்டேன்,
சும்மா நிற்பவன் செய்வதுபோல.

தாக்கிய விலங்கு என்ற இடத்தில்
நாய் என்று எழுதினேன்.
"இன்னைக்கு உள்ள படுத்துக்கங்க."
"ஏனுங்க? நாய்தானுங்களே?"
"வெறி புடிச்சிருக்கலாம்."
அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்,
ஆட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல.

ராத்திரி பத்தரைக்கு அவளே கூப்பிட்டாள்.
பின்னால் எங்கோ பாட்டுச் சத்தம்.
"உள்ளதானுங்க படுத்திருக்கறோம், வேகுது.
பட்டிக்கிட்ட அவரு பழைய செல்லுல
பாட்டு ஓட உட்டிருக்கறேன்.
சார்ஜு விடியற மட்டும் நிக்குமான்னு தெரீல."
கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது.
"சார், மேக்கால அந்தத் தடத்தைக்
கூட்டுனது நாந்தானுங்க.
புள்ளை முழிச்சுக்கிச்சு,
மிச்சத்தைக் கூட்ட முடியல.
நீங்க அழிச்சதைப் பாத்தேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.
பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள்
அந்தச் சின்ன இடைவெளியில்
ஆடுகள் அசை போடுகிறதா என்று
காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.