படம் இருபத்து மூன்று

வேதமுத்து ஐயா கையை உயர்த்தவேயில்லை.
ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம்.
முப்பத்தாறிலும் அந்த வலது கை
பிரசங்க பீடத்தின் விளிம்பில்
யாரோ வைத்துவிட்டு மறந்த பொருள் மாதிரி
கிடந்தது.

மேலூரைத் தாண்டி, குவாரித் தூசிக்குள்
செங்கரடுப்பட்டிச் சபை.
தகரக் கூரை. துடித்துக்கொண்டே எரியாத டியூப் லைட்.
கிழக்கு ஜன்னலில் மட்டும் கம்பி இல்லை,
வெளிச்சம் அந்த வழியாகத்தான் தாராளமாய் வந்தது.
முழங்காலிட்டேன். ஜெபிக்க அல்ல,
என்னிடம் இருந்த ஒரே லென்சுக்கு
அந்த உயரம்தான் சரி.
இடப்பக்கப் பாயில் இருந்தவள்
என் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டாள்,
என்னைக் கேட்காமலே.

பக்கத்துக் கொல்லையின்மேல் ஆசைப்பட்ட
ஒரு ராஜாவைப் பற்றிய பிரசங்கம்.
"அரமண பூரா இடம் கெடக்கு,
அவனுக்குக் கீரை போட இவன் நெலந்தான் வேணுமாம்."
கிளிக்.
பேச்சை நிறுத்தினார்.
"போட்டோக்காரம்மா எண்ணிக்கிட்டு இருக்காங்க.
நாமளும் எண்ணுவோமா?
சர்வே நம்பர் இருநூத்திப் பதினாலு,
உட்பிரிவு மூணு. எழுபது சென்ட்.
பஞ்சமி நெலம். யார் வேலிக்குள்ள இருக்கு?"

வசனம் சொல்லும் அதே குரல்.
பாதிச் சபை பக்கம் புரட்டியது,
இருநூத்திப் பதினாலைத் தேடி.

வடக்கு மாசி வீதி, மாடி ஆபீஸ்.
ஆசிரியர் பூதக்கண்ணாடியைக்
கட்டம் கட்டமாக நகர்த்தினார்.
"ஒண்ணுலகூடக் கை தூக்கலையே.
தலைவர் மாதிரியா இருக்கு?
ரேஷன் கடையில நிக்கிறவர் மாதிரி இருக்கு."
பஸ் காசு மட்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.
அடுத்த நாள் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம் இருந்தது.

பதினான்கு மாதம் கழித்துச் சம்மன்.
குற்றப்பத்திரிகையில் இருந்தது:
வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி,
கூடியிருந்தோரைத் தூண்டும் விதமாக.
எழுதியவர் என் கடைசிப் படத்தில் இருக்கிறார்.
கதவோரம், செருப்புக் குவியலுக்கு நடுவே,
நீலச் சட்டை, குனிந்த தலை,
கண் முழுக்கக் குறிப்பேட்டில்.

வக்கீல் ஐயாவைக் கையை உயர்த்தச் சொன்னார்.
அது நெஞ்சுவரை வந்து நின்றது.
"ஸ்டேஷன்ல போன தோளுங்க," என்றார்
கடன் கேட்பவர் சிரிப்பது மாதிரிச் சிரித்து.
"தலை சீவுறதும் இடது கைதான்."
மூன்று மணி நேரம் அவரைப் படம் பிடித்தேன்.
எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நீதிபதி எல்லாவற்றையும் பார்த்தார்.
ஒன்றில் விரல் வைத்தார்.
இருபத்து மூன்று.
இடது ஓரம், கலங்கலாக,
இரண்டு கண்ணாடி வளையல்,
நேராக மேலே போன ஒரு கை.
"இது யாருடைய கை?"

அன்னபுஷ்பத்தின் கை.
"ஐயா, இது எந்த அதிகாரம்?" என்று
அவள் சந்தேகம் கேட்ட கை.
என் தலையை மூடிய கை.
அரசுத் தரப்பில் பேனா மூடி திறந்தது.

"தெரியலைங்க," என்றேன்,
சத்தியம் செய்து அரை மணிகூட ஆகவில்லை.

வாய்தா போட்டார்கள்.
வராந்தாவில் எனக்கென்று ஒரு டீயைப் பிடித்துக்கொண்டு
நின்றிருந்தாள்.
ஏடு படிந்துவிட்டது.
விரலால் எடுத்துச் சுவரில் தடவிவிட்டு நீட்டினாள்.