நாலாவது தூண்

வேளச்சேரியில் வெள்ளம் வந்த டிசம்பரில்
என் ஸ்கூட்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது.
மெக்கானிக் எதையோ கழற்றினான்,
ஒரு டம்ளர் சேறு வந்தது.
அன்றிலிருந்து பறக்கும் ரயில்.
வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஆனால் அலுவலகத்தில் ஒரு படிவம் வந்தது.
எதில் வருகிறீர்கள், எத்தனை கிலோமீட்டர்,
மாதத்தில் எத்தனை நாள்.
நிரப்பிக் கொடுத்தேன்.
இன்று மாலை மேடையேற்றி
இவ்வாண்டின் பசுமைப் பயணி என்று
கைதட்டி
கறுப்பு பிளாஸ்டிக் பையில் ஒரு புங்கங்கன்று தந்தார்கள்.

நான் இருப்பது மூன்றாவது மாடி.
பால்கனியில் வாஷிங் மெஷின் நிற்கிறது.

திருமயிலையில் ஆறு பதினேழு வண்டி.
கன்றை மடியில் வைத்துக்கொண்டேன்.
மந்தைவெளியில் தேசம்மா ஏறினாள்.
ஐந்து வீட்டுப் பாத்திரம் தேய்த்து
ஊறி வெளுத்த விரல்களைப்
புடவையில் துடைத்தபடி எதிரே உட்கார்ந்தாள்.
"இன்னாமா, ஆபீஸ்ல சம்பளத்துக்குப் பதிலா செடியா?"

அடுத்த நிலையம் பசுமைவழிச் சாலை என்றது
ஒலிபெருக்கி.
கீழே கால்வாய்
காய்ச்சி ஊற்றிய தார்போல் அசையாமல் கிடந்தது,
மேலே ஒரு ஒற்றைச் செருப்பு.

ஒரு காலத்தில் அதில் படகு வந்ததாம்,
உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு.
காற்று நின்றால்
கரையில் ஆட்கள் கயிறு பிடித்து இழுப்பார்களாம்.
புகை இல்லை, ஹாரன் இல்லை.
அந்தத் தடத்தின் முதுகில்தான்
தூண் நட்டு இந்தத் தடம்.
மாசில்லா வண்டி
மாசுக்குள் முழங்காலளவு நிற்கிறது.

கோட்டூர்புரம் தாண்டியதும்
தினமும் போல ஜன்னலுக்குக் குனிந்தாள்.
உதடு அசைய எண்ணினாள்.
"அதோ. நாலாவது தூணு. அங்கதான் எங்க அடுப்பு."

தூண்தான் அவர்களுக்குப் பின்சுவர்.
ஆளுயரத்துக்கு இன்னும் கரி இருக்கிறது.
எத்தனை மழை அடித்தும் போகவில்லை.
கரிக்கு மேலே, வெள்ளமட்டம் காட்ட
யாரோ தீட்டிய சிவப்புக் கோடு.

கால்வாயை மீட்கப்போகிறோம் என்று
லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள்.
எட்டாவது மாடி.
லிஃப்ட் ஓடுகிற நாளும் உண்டு.
கால்வாய் இன்னும் மீண்டபாடில்லை.
வேலை மட்டும் மந்தைவெளியிலேயே தங்கிவிட்டது.

முன்பு பாலம் தாண்டி நடந்தே போவாள்.
இப்போது பிங்க் பஸ், அப்புறம் ரயில்,
போக வர நாற்பது கிலோமீட்டர்.

எங்கள் படிவத்தின் கணக்குப்படி
ரயிலில் தூரம் கூடக்கூட மதிப்பெண் கூடும்.
அப்படிப் பார்த்தால்
எனக்குக் கன்று, அவளுக்குத் தோப்பு.
நடந்து போன வருஷங்களுக்கு
அதில் கட்டமே இல்லை.

இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.
"தோப்பக் குடுத்தா
எட்டாவது மாடிக்கு யாரு தூக்கினு போறது?"

பெருங்குடி நெருங்கக் குப்பைமேட்டு வாடை
கதவில்லாத வாசல் வழியே ஏறி
எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது.
பெட்டி முழுக்கக் கைக்குட்டைகள்.
தேசம்மா கை நீட்டிக்
கன்றிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினாள்,
கசக்கி மோந்தாள்.

"புங்க மரம். எங்க வூட்டாண்ட ஒண்ணு நின்னுச்சி.
வூட்டோட சேத்து அதையும் இடிச்சாங்க."

மரத்தை இடிப்பார்களா, வெட்டுவார்களா
என்று நான் திருத்தவில்லை.

வேளச்சேரியில்
ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓடினாள்.
இலை இன்னும் அவள் கையிலிருந்தது.
நான் பாதிப் படி இறங்கிய பிறகுதான்
என் கை காலி என்று பார்த்தேன்.
தலைக்கு மேலே
வண்டி மறுபடி கடற்கரைக்குக் கிளம்பிற்று.

மறந்தேனா, விட்டேனா என்று கேட்காதீர்கள்,
படிவத்தில் அதற்கும் கட்டமில்லை.

இந்நேரம்
இந்திரா நகர் போயிருக்கும்.
இன்னும் சற்றில்
நாலாவது தூணின் மேல் கடக்கும்,
ஜன்னலோர இருக்கையில்,
டிக்கெட் இல்லாமல்,
ஓர் இலை குறைந்து.