ஏழு நாள் பழக்கம்

அவர் பெயர் எனக்குத் தெரியாது.
பையின் மேல் ஒட்டியிருந்தது 014, அவ்வளவே.
ஆணா பெண்ணா,
ஆன்ட்வெர்ப்பில் எந்தத் தெருவில் அவர் சன்னல் எரிகிறது,
எதுவும் தெரியாது.
நான்கு மணி நேரம் சாய்வு நாற்காலியில் கிடந்து
ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட இரத்தத்தில்
எந்திரம் பிடித்து வைத்த வெள்ளணுக்கள்
நீர்த்த தக்காளி ரசத்தின் நிறத்தில்
திங்கட்கிழமை என் கைக்கு வந்தன.

ஏழு நாள் நான்தான் தீனி வைத்தேன்.
இரண்டாம் நாள் நள்ளிரவு அடைகாப்பானின் அலாரம் அடிக்க
இரவு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு
ஸ்கெல்டே ஆற்றுக் காற்றில் சைக்கிள் மிதித்து வந்தேன்.
கதவு சரியாகச் சாத்தவில்லை.
சாத்தாமல் போனவன் யான்னிக்.
மறுநாள் வாஃபிள் வாங்கித் தந்தான்.

ஐந்தாம் நாள்தான் அது நடக்கும்.
உருண்டையாய்க் கிடந்தவை
விளிம்பு கலைந்து
கிளை விடும்.
பூங்காவில் லிண்டன் மரங்கள் மொட்டையாய் நிற்கிற மாதத்தில்
நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு தளிர்ப் பருவம்.
எத்தனை முறை பார்த்தாலும் மூச்சு விட மறந்துவிடுகிறேன்.
யான்னிக்கிடம் இதைச் சொல்வதில்லை.

பிறகு அந்த முகத்தைக் காட்ட வேண்டும்.
மாத்திரை தொடங்கும் முன் எடுத்து உறைய வைத்த
அவருடைய சொந்த வைரஸ்.
சூட்டில் கொன்று சடலத்தை ஊட்டுகிறோம்.
பார்த்துக்கொள், இவன்தான்.
தின்று, துண்டாக்கி,
துண்டைக் கிளை நுனியில் ஏந்திப் போய்
நிணநீர்க் கணுவில் நிற்கிற காவலுக்கெல்லாம்
ஆள் ஆளாய்க் காட்டு.

கூட இருந்தே குழி பறிப்பவன் என்று
யாரை வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறோம்.
இவன் பறிப்பது
காவல்காரனின் நெஞ்சுக்குள்ளேயே படுத்துக்கொண்டு.
விழித்திருப்பவனை மாத்திரை மடக்கும்,
தூங்குகிறவனைத் தொடாது.
இருபது வருடம் தூங்குவான்.
மாத்திரை நின்ற மாதம்
எழுந்து முகம் கழுவுவான்.

ஊசி போடுவது மூன்றாம் மாடியில்.
நான் அங்கே போகக் கூடாது.
கைக்குழியின் அருகே, தோலுக்கு அடியில், மூன்று தவணை.
அப்புறம் மாத்திரையை நிறுத்தினார்கள்.
வியாழன்தோறும் எனக்கு ஒரு எண் வரும்.

ஐம்பதுக்குக் கீழே.
ஐம்பதுக்குக் கீழே.
நான்காம் வாரம் 003 விழுந்தது, ஐந்தில் 009.
014 ஐம்பதுக்குக் கீழே.
ஏழாம் வாரம் யான்னிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
சொல்லாதே என்றேன்.
பத்தாம் வாரம் புதன் இரவு தூங்கவில்லை,
வெட்கமாக இருக்கிறது, முகம் தெரியாத ஒருவருக்காக.

பதினொன்றாம் வாரம்: பதினான்காயிரத்து இருநூறு.

அன்று மாலையே மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று.
அட்டவணையில் ‘மீண்டெழுந்ததா?’ என்ற கட்டத்தில்
ஆம் என்று நிரப்பினேன்.
மற்றவர்களுக்கு நான்கு, ஐந்து; இவருக்குப் பதினொன்று.
ஒற்றை ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது
என்றார் புள்ளியியல் பார்ப்பவர்.
சரிதான்.
அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க
இரண்டு நாள் முயன்று பார்த்தேன்.

நேற்று மூன்றாம் மாடித் தாதி கோடெலீவ
காபி எந்திரத்தருகே என்னை நிறுத்தினாள்.
014 ஒன்று கேட்டாராம்.
எத்தனை வாரம் தாங்கியது என்றல்ல.
அடுத்த முறை எப்போது என்றும் அல்ல.
அவை பார்க்க எப்படி இருந்தன, என்னுடையவை?

படம் அனுப்ப விதி இடம் தராது.
காகிதத் துவாலையில் எழுதினேன், கிழித்தேன்,
இன்னொன்றில் எழுதினேன்.
கடைசியில் வாயால்தான் சொல்லி அனுப்பினேன்:
நன்றாகக் கிளை விட்டன.
நன்றாகச் சாப்பிட்டன.

இன்னும் ஒரு குப்பி மீதம்
திரவ நைட்ரஜனில் நிற்கிறது.
அழிக்க வேண்டிய தேதி ஜூன் ஒன்பது.
அதை எழுதியிருப்பதும் என் கையெழுத்துதான்.