நகராத விளக்கு

தாலினுக்கும் ஹெல்சிங்கிக்கும் நடுவே
நவம்பர், பின்னிரவு மூன்றே கால்.
ஜன்னல் சட்டத்தை ஒட்டி
ஒரு சிவப்பு விளக்கு.

நகர்கிற விளக்குகளால் தொல்லையில்லை.
முன்பக்கம் நழுவுவது முந்திப் போய்விடும்,
பின்பக்கம் நழுவுவது பிந்திவிடும்.
கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றபடி
மெல்லப் பெரிதாகிறதே,
அது என்னிடம்தான் வருகிறது.

திசைமானியில் நாற்பத்தேழு பாகை.
மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்கிறேன்.
நாற்பத்தேழு.

"நம்மைப் பார்த்திருப்பான்" என்கிறான் வெய்க்கோ,
தொலைநோக்கியை இறக்காமல்.
பார்த்திருப்பான்.
இதே நீரில், கீழே, முப்பத்தைந்து பாகம் ஆழத்தில்
அந்தச் சொல்லோடு சாய்ந்து கிடக்கிறது
ஒரு சரக்குக் கப்பல்.

அதில் இரவுக் காவல் பார்த்த தாவெத்தியை
துர்க்கு விசாரணை அறையில் கண்டேன்.
கம்பளித் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார்.
கெட்டவர் இல்லை.
குளிர்கிறதே, பையன் போய்த் தூங்கட்டும் என்று
உடன் நின்றவனைக் கீழே அனுப்பியவர்.
பன்னிரண்டு நிமிடத்துக்கொருமுறை
விழித்திருக்கிறாயா என்று கேட்கும் மணியை
அடுத்த அறைக்காரர் உறக்கம் கெடுமே என்று
அணைத்து வைத்தவர்.
எதிரே வந்தவனும் திரும்பத்தான் செய்தான்:
ஐந்து பாகை,
அப்புறம் ஐந்து,
அப்புறம் இன்னொரு ஐந்து,
கல்யாணப் பந்தியில் இடம் விடுகிறவன்போல.
இவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.
ராடார் பதிவில் எல்லாருக்கும் தெரிந்தது,
பதினோரு மாதம் கழித்து.

எங்கள் மணி கேட்கிறது. அழுத்துகிறேன்.

வருவது எண்ணெய் நிறைந்த கப்பல்.
என் வலப்பக்கம் இருக்கிறது, வழி அதற்கு.
விலக வேண்டியவள் நான்,
இப்போதே,
ஊரறிய.

வலப்பக்கம் அறுபது பாகை.
தளம் சாய்கிறது. காபிக் கோப்பை
மேசையைக் கடந்து போய் விழுகிறது.
அடுக்களையில் தட்டுகள் சண்டை போடுகின்றன.
தொலைபேசியில் கேப்டனின் தூக்கக் குரல்:
"என்ன ஆச்சு, ஆவ்லிக்கி?"
"ஒன்றும் ஆகவில்லை."

சிவப்பு விளக்கு
கண்ணாடியின் குறுக்கே இடப்பக்கம் ஓடுகிறது.
ஓடட்டும்.
பிறகு ஒரு நீண்ட கருப்புச் சுவர்,
அதன் முடிவில்
முதுகில் தொங்கும் ஒற்றை வெள்ளை விளக்கு.

வெய்க்கோ கோப்பைச் சில்லுகளைப் பொறுக்குகிறான்.
பதிவேட்டில் நேரத்தையும் பாகையையும் எழுதுகிறேன்;
அதற்குமேல் எழுத எதுவும் நடக்கவில்லை.

வானொலி கடைசிவரை பேசவே இல்லை.
அந்தக் கப்பலில் யாராவது
விழித்திருந்தார்களா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.