கசிவு

மூன்று முறை உப்புநீரில் அலசினேன்.
எந்த ஊர் மாடோ,
அதன் இதயத்தைப் போர்த்தியிருந்த சவ்வு
மூன்று இதழாகத் தைக்கப்பட்டு
என் உள்ளங்கையில் கிடந்தது,
நாணயம் அளவு.
பிடியைத் திருகத் திருக
பென்சில் பருமனுக்கு ஒடுங்கியது.

மேசையில் வீப்கெ. எண்பத்து நான்கு.
ஹார்லிங்கன் துறைமுகத்து மதகை
முப்பத்தொரு வருடம் திறந்து மூடியவர்.
பாதி மயக்கம்தான், பேச்சு நிற்கவில்லை.
"தொடை வழியாகவா? கால்வாய் எவ்வளவு நீளம்?"
"ஒரு மீட்டர்கூட இருக்காது," என்றார் டாக்டர் ஊனெமா.
"அதற்கா இத்தனை பேர்!"

சுண்ணாம்பேறிய பழைய கதவை
கம்பி தடவித் தடவி
ஐந்தாவது முயற்சியில் கடந்தது.
பின்னாலேயே என் பென்சில்.

"வேகம்."
நூற்றெண்பது.
இதயம் துடிப்பதை விட்டு நடுங்கியது.
திரையில் ரத்த அழுத்தம் மல்லாந்து படுத்தது.
இந்தப் பன்னிரண்டு விநாடியில்
இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
பலூன் உப்பியது. வற்றியது.
"நிறுத்து."

கோடு எழவில்லை.
க்ரோனிங்கன் முழுக்க அமைதியானதுபோல் இருந்தது.
எழவில்லை.
பிறகு ஒன்று.
இன்னொன்று.

எக்கோ பார்த்த மாரைக்கெ தயங்கினாள்:
"ஓரத்தில் நூலளவு கசிவு."
இன்னொரு தரம் ஊதிப் பார்க்கலாமா என்று
ஊனெமா கை பலூன் பக்கம் போனது.

கண்ணைத் திறக்காமலே வீப்கெ:
"விடுங்கள் டாக்டர்.
கசியாத மதகை நான் பார்த்ததே இல்லை.
அலை திரும்பி வரும்போது
சாத்திக்கொள்கிறதா, அதைச் சொல்லுங்கள்."

சாத்திக்கொள்கிறது, என்றேன்,
கேள்வி எனக்கில்லை என்றாலும்.